நாற்பத்து நான்கு தபால் பெட்டிகளும் மூன்று கிரெடிட்டும்

பனி வாரும் லாரி ஓட்டிய இருபத்தொன்பது வருஷத்தில் ஆர்னி கெஸ்டி, வீடுகளுக்கு முன்னால் கம்பத்தில் நிற்கும் தபால் பெட்டிகளில் நாற்பத்து நான்கை உடைத்திருக்கிறார். உடைத்த ஒவ்வொரு பெட்டிக்கும் மாவட்டச் சாலை அலுவலகத்தில் ஒரு படிவம் எழுதிக் கொடுக்க வேண்டும். தேதி, நேரம், இடம், பனியின் ஆழம், எவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரிந்தது, எதன்மேல் இடித்தது, தவறு யாருடையது. அந்தக் கடைசிக் கட்டத்தில் நாற்பத்து நான்கு தடவையும் அவர் எழுதியது ஒரே வாசகம்தான்: “பெட்டி சாலையை ஒட்டி நின்றது.” ஒரு தடவை பெட்டி இருந்தது சாலையிலிருந்து பதினைந்து அடி தள்ளி, ஒரு வீட்டு வாசற்படிக்குப் பக்கத்தில். அதற்கும் அதே வாசகம்தான்.

ஆல்டர் கிரீக் பக்கம் இந்தக் கதை தெரியாத ஆள் கிடையாது. சாலை அலுவலகத்துக் கொட்டகையில் காபி குடிக்கும்போது, “ஆர்னி, இன்னைக்கு எந்தப் பெட்டி உன் மேல வந்து மோதுச்சு?” என்று கேட்பார்கள். ஆர்னி கோப்பையை உதறி வைத்துவிட்டு லாரிக்குப் போய்விடுவார். சுப்பீரியர் ஏரி மேலிருந்து வரும் காற்று நவம்பரில் பனியைக் கொட்ட ஆரம்பித்தால் ஏப்ரலில்தான் ஓயும். நின்று பேச நேரம் ஏது.

ஆள் அதிகம் படித்தவர் இல்லை. பத்தாம் வகுப்பில் இருந்தபோது காட்டில் மரம் சாய்ந்து அவர் அப்பாவின் முதுகு போயிற்று. அடுத்த திங்கட்கிழமை ஆர்னி ரம்பத்தோடு காட்டில் நின்றார். அதற்குப் பிறகு பள்ளிக்கூட வாசலை மிதித்தது, பனி வாருவதற்காகத்தான். படிக்கவில்லையே என்று அவர் யாரிடமும் புலம்பியதில்லை. ஆனால் மகள் ஐலா பிறந்த நாளிலிருந்து ஒன்றை மட்டும் மனசுக்குள் வைத்திருந்தார். இவள் பாதியில் நிற்கக்கூடாது.

ஐலாவுக்குப் பதினேழு வயது. மருத்துவமனைச் சோதனைக்கூடத்தில் ரத்தத்தையும் கிருமியையும் பார்த்து நோய் சொல்கிற வேலை இருக்கிறதே, அதற்குப் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. நாலு வருஷப் படிப்பு. வீட்டில் சேர்த்து வைத்திருந்ததோ மூன்று வருஷத்துக்குத்தான் காணும். கடன் வாங்கலாம், எல்லாரும் வாங்குகிறார்கள். ஐலா வேறு வழி கண்டுபிடித்தாள்.

“ஸ்கூல் படிக்கும்போதே காலேஜ் கிரெடிட் வாங்கிடலாம்ப்பா. இன்டர்நெட்ல பாடம், மாசச் சந்தா. ஒரு பாடம் முடிச்சா மூணு கிரெடிட். காலேஜ்ல அதே பாடத்துக்குக் கேக்குற காசுல இங்க பத்து பாடம் முடிச்சிடலாம்.”

“ஏமாத்து வேலை.”

“காலேஜுக்கே போன் போட்டுக் கேட்டுட்டேன். ஏத்துக்கிறோம்னு எழுதியே குடுத்துட்டாங்க.”

“எதுல எழுதினாங்க?”

“மெயில்ல.”

“தாள்ல எழுதினாத்தான் எழுத்து.”

மறுநாள் அவள் அதைப் பள்ளியில் அச்செடுத்து வந்து குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினாள். முப்பது கிரெடிட்டோடு ஏப்ரல் ஒன்றாம் தேதிக்குள் வந்தால் நேராக இரண்டாம் வருஷத்தில் இடம் என்று அதில் இருந்தது. ஒன்றாம் தேதி தாண்டினால் அந்த இடம் வேறு ஆளுக்கு. ஆர்னி அதை நின்றுகொண்டே இரண்டு தடவை படித்தார். பிறகு மூலைகளில் இன்னும் இரண்டு காந்தம் எடுத்து வைத்தார், விழாமல் இருக்கட்டும் என்று.

இரண்டு வருஷம். பள்ளிப் பேருந்தில் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். அதில்தான் பாதிப் படிப்பு. மீதி சாப்பாட்டு மேசையில், சத்தமாக. ஆர்னி உருளைக்கிழங்கை மசித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பார். கேட்டது எங்கேயும் போகாது. பழைய மெசபடோமியாவைப் பற்றி அவள் படித்த வாரம் கொட்டகையில் திடீரென்று வாயைத் திறந்தார்: “நாலாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே வாய்க்கால்ல சேறு வாருறதுக்கு கவர்மென்ட் ஆளு வெச்சிருந்துருக்கான். அவனுக்கும் சம்பளம் லேட்டாத்தான் வந்துருக்கும்.” காபி குடித்துக்கொண்டிருந்த ஆளுக்குப் புரையேறிவிட்டது.

ஒன்பது பாடம் முடிந்தது. இருபத்தேழு கிரெடிட். பத்தாவதாக அவள் எடுத்தது நெறியியல்.

“அப்படின்னா?” என்றார் ஆர்னி.

“எது சரி, எது தப்புன்னு படிக்கிறது.”

“அதுக்கு மூணு கிரெடிட்டா?”

“ஆமா.”

“உங்கம்மாகிட்ட கேட்டா சும்மாவே சொல்லுவாளே.”

அம்மா மார்லா முதியோர் இல்லத்தில் இரவு வேலை பார்ப்பவள். பகலில் தூங்குவாள். வீட்டில் கதவுள்ள அறை அவள் தூங்குகிற அந்த ஒன்றுதான். ஐலா படுப்பது ஏணி வைத்து ஏறும் மச்சில், அங்கே கதவே கிடையாது. இது இத்தனை நாள் பெரிய விஷயமாக இருக்கவில்லை. மற்றப் பாடங்களுக்குப் பள்ளியிலேயே ஓர் அறை கொடுத்தார்கள். இந்தக் கடைசித் தேர்வுக்குக் கிடைத்த நேரமோ சனிக்கிழமை மதியம் இரண்டு மணி. பள்ளி பூட்டியிருக்கும். பொது இடத்தில் எழுதக்கூடாது. கதவுள்ள அறை வேண்டும், சுவரில் ஒன்றும் இருக்கக்கூடாது, எழுதுகிறவரைத் தவிர யாரும் உள்ளே வரக்கூடாது. எங்கோ உட்கார்ந்து ஒருவர் கேமரா வழியாகப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

ஐலா வீட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். கடைசியில் கொல்லைப்புறம் போனாள்.

“சவுனாதான்” என்றாள்.

நியாயமான யோசனைதான். எங்கள் பக்கம் ஃபின்லாந்துக்காரர் வீடு ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு சவுனா நிற்கும். உள்ளறையில் அடுப்பும் அதன்மேல் கல்லும், வேர்வை ஊற உட்காருவதற்குப் பலகைப் படிகளும். வெளியறை உடை மாற்ற. கெஸ்டி வீட்டுச் சவுனாவில் அந்த வெளியறைச் சுவர் வெறும் தேவதாரு பலகை. ஒரு பெஞ்சு, ஒரு கதவு, தெற்கே ஒரு ஜன்னல். வீட்டிலிருந்து கம்பி இழுத்து இணையத்தையும் கொண்டுவந்துவிட்டாள்.

“ஆனா அடுப்பு மூட்டக்கூடாதுப்பா” என்று வெள்ளிக்கிழமையே சொல்லி வைத்தாள். “சனிக்கிழமை. புகை பாத்தா ஆளு வந்துடும்.”

வரும். அதுதான் வழக்கம். சனிக்கிழமை சவுனாவில் புகை தெரிந்தால் அக்கம்பக்கத்தார் துண்டோடு வரலாம். யாரும் அழைக்க வேண்டியதில்லை, கதவைத் தட்ட வேண்டியதும் இல்லை. தட்டினால்தான் வேற்று ஆள் என்று நினைப்பார்கள். முப்பது வருஷமாக அப்படி வருகிறவர் பக்கத்து வீட்டு உனோ பெல்டோ. எழுபத்தெட்டு வயது, பள்ளிப் பேருந்து மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். பெண்டாட்டி போன பிறகு வாரத்தில் ஒரு நாள் மனுஷ முகம் பார்ப்பது இந்தச் சவுனாவில்தான்.

அந்தச் சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு வெளியே பூஜ்யத்துக்குக் கீழே நாலு டிகிரி. ஆர்னி போய் அந்த அறையில் ஒரு நிமிஷம் உட்கார்ந்து பார்த்தார். கையுறையைக் கழற்றிப் பெஞ்சில் விரல்களைத் தட்டிப் பார்த்தார். விரல் நுனி மரத்துப்போனது. ஒன்றரை மணி நேரம் இந்தக் குளிரில் பிள்ளை எப்படித் தட்டச்சு செய்வாள்?

அடுப்பின் வாய் வெளிப்புறம், பின் சுவரில். நன்றாகக் காய்ந்த பிர்ச் விறகு ஒரே ஒரு கையளவு. காய்ந்த விறகு புகையாது. புகைந்தாலும் ரெண்டு மணிக்கு எவன் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கப் போகிறான்? இப்படித்தான் நினைத்தார். ஐலாவிடம் சொல்லவில்லை. ஒரு மணிக்கு மூட்டினார். ரெண்டு மணிக்கு அவள் உள்ளே போனபோது, “வெயில் நல்லா விழுதுல்ல, அவ்ளோ ஒண்ணும் குளிரல” என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். ஆர்னி சமையலறை ஜன்னலில் காபியோடு நின்றார். தன்னைப் பற்றி அவருக்கு ரொம்ப நல்ல எண்ணம் அப்போது.

ரெண்டு நாற்பதுக்கு உனோ வந்தார்.

ஆர்னி பார்த்தபோது கிழவர் கொல்லையைப் பாதி தாண்டிவிட்டார். கம்பளி உள்ளுடுப்பு, அதன்மேல் அங்கி, ரப்பர் பூட்ஸ், தலையில் துண்டு. கையில் வளையமாகச் சுருட்டிய சாசேஜ், அடுப்புக் கல் மேல் சுட்டுத் தின்ன. ஆர்னி ஒரு காலில் மட்டும் பூட்ஸ் மாட்டிக்கொண்டு ஓடினார். முழங்கால் வரை பனி. கத்தவும் முடியாது, உள்ளே தேர்வு. கையை ஆட்டினார். கிழவரும் கையை ஆட்டினார், வணக்கம் சொல்வதாக நினைத்துக்கொண்டு. கதவைத் திறந்து உள்ளே போய்விட்டார்.

ஆர்னி வாசலுக்கு வந்து சேர்ந்தபோது கம்ப்யூட்டருக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் கேட்டது. “உங்க அறையில இன்னொருத்தர் இருக்காங்க. தயவுசெஞ்சு அவங்க…”

“யாரு, உன் ஃப்ரெண்டா?” என்றார் உனோ. குனிந்து திரையைப் பார்த்தார். “வணக்கம்மா! சாசேஜ் திம்பியா நீ? கல்லு மேல சுட்டா அமிர்தமா இருக்கும். இந்தா பாரு.” கேமராவுக்கு நேராகத் தூக்கிக் காட்டினார்.

“உனோ தாத்தா!” ஐலாவின் குரல் கிழிந்தது.

திரை மூடிக்கொண்டது. தேர்வு நிறுத்தப்பட்டது என்று ஒரு வரி. ஐம்பது கேள்வியில் முப்பத்தொன்று முடித்திருந்தாள்.

“எதுக்கு வந்தீங்க? யாரு கூப்பிட்டா?”

“புகை வந்துச்சேம்மா. இன்னைக்குச் சீக்கிரமாப் போட்டுட்டாங்கன்னு…”

“எந்தப் புகை? அடுப்பே மூட்டல! மூட்டக்கூடாதுன்னு அப்பாகிட்ட சொல்லி வெச்சிருந்தேன். இல்லப்பா?”

அவள் திரும்பி அப்பாவைப் பார்த்தாள். கண்ணெல்லாம் தண்ணீர். ஒற்றை பூட்ஸோடு நின்ற ஆர்னி தன் நனைந்த காலுறையைப் பார்த்துக்கொண்டு, “ம்” என்றார்.

அந்த ஒரு “ம்”தான். அதற்குமேல் அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அது போதுமானதாக இருந்தது. உனோ வெளியே வந்து கூரைக் குழாயை அண்ணாந்து பார்த்தார்; அந்த ஒரு கை விறகு அதற்குள் எரிந்து தீர்ந்து புகை நின்றிருந்தது. தன் கையிலிருந்த சாசேஜைப் பார்த்தார், துண்டை இறுக்கிக்கொண்டு வந்த தடத்திலேயே திரும்பிப் போனார். ஐலா வீட்டுக்குள் போய் மச்சில் ஏறிக்கொண்டாள். ஆர்னி சாம்பலை வாளியில் வாரிப் பனிக்குள் புதைத்தார். முப்பது வருஷத்தில் முதல் தடவையாக ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கெஸ்டி வீட்டுச் சவுனாவில் யாரும் உட்காரவில்லை.

திங்கட்கிழமை காலை ஆர்னி வழக்கம்போல் உனோவின் வாசலிலும் பனி வாரிவிட்டார். கிழவர் கதவைத் திறந்து வெளியே வந்தார். எப்போதும் முதல் பேச்சு கிண்டலாக இருக்கும். அன்று இல்லை.

“ஆர்னி, ஒண்ணு கேக்கணும். எனக்குப் புகை நல்லாத் தெரிஞ்சுது. நீளமா, நேரா மேல போச்சு. இப்பக் கண்ண மூடினாலும் தெரியுது.”

ஆர்னி லாரியின் கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“என் அண்ணனுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. ஜன்னல்ல மான் நிக்குது, மான் நிக்குதும்பான். ரெண்டு வருஷத்துல என்னையே யாருன்னு கேட்டுட்டான்.” கிழவர் கையிலிருந்த கார்ச் சாவியை நீட்டினார். “இத நீ வெச்சிக்க. நான் இனிமே ஓட்டல. யார் மேலயாவது ஏத்திடப் போறேன்.”

“சாவிய உள்ள வைய்யா” என்றார் ஆர்னி, தேவைக்கு மேல் முரட்டுத்தனமாக. “எனக்கு வேலை கிடக்குது.” லாரியில் ஏறிப் போய்விட்டார். அன்று மாலைக்குள் இரண்டு தபால் பெட்டிகளை இடிக்கப் பார்த்துத் தப்பினார்.

வீட்டில் ஐலா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். பாடம் நடத்தும் கம்பெனியிலிருந்து மெயில் வந்திருந்தது. தேர்வு அறைக்குள் வேற்று ஆள் வந்ததால் தேர்வு செல்லாது. மறுதேர்வுக்கு அறுபது நாள் பொறுக்க வேண்டும். விதிவிலக்கு கேட்பதானால் ஐந்து நாளைக்குள், வந்தவர் யார், எதற்கு வந்தார், மறுபடி நடக்காது என்பதற்கு என்ன உறுதி என்று வீட்டிலுள்ள பொறுப்பான பெரியவர் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும்.

“அறுபது நாள்னா மே மாசம்ப்பா. ஒண்ணாந் தேதிக்குள்ள முப்பது வேணும்.” அவள் குரலில் அழுகை இல்லை, அது இன்னும் மோசமாக இருந்தது. “நானே எழுதிட்டேன். நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க.”

ஆர்னி வாங்கிப் படித்தார். நல்ல எழுத்து, படித்த பிள்ளையின் எழுத்து. “வயதான எங்கள் அண்டை வீட்டுக்காரர் சற்று மனக் குழப்பத்தில் தவறுதலாக உள்ளே வந்துவிட்டார். அன்று சவுனாவில் அடுப்பு எரியவில்லை.”

பேனாவை எடுத்தார். வைத்தார். மறுபடி எடுத்தார்.

“என்னப்பா?”

“பேனா எழுதல.”

“வேற தரேன்.”

“வேணாம். லாரில இருக்குது.”

லாரிக்குப் போனார். இருக்கைக்குப் பின்னால் சாலை அலுவலகத்துப் படிவக் கட்டு கிடந்தது. ஒன்றைக் கிழித்துக்கொண்டு அங்கேயே, ஸ்டியரிங் மேல் பலகையை வைத்து, விளக்கைப் போட்டு எழுத ஆரம்பித்தார். அவருக்குத் தெரிந்த எழுத்து அது ஒன்றுதான். ஒரு மணி நேரம் ஆயிற்று. இரண்டு படிவம் கசங்கிக் காலடியில் விழுந்தது. மூன்றாவது இது:

“தேதி: மார்ச் 15, சனி. நேரம்: பிற்பகல் 2.40.

இடம்: என் வீட்டுக்குப் பின்னால் உள்ள சவுனா. உடை மாற்றும் அறை.

பனியின் ஆழம்: தரையில் 18 அங்குலம். புதிதாக விழவில்லை.

பார்வைத் தூரம்: நல்ல தெளிவு. பக்கத்து வீட்டிலிருந்து புகை தெரியும்.

எதன்மேல் இடித்தது: என் மகள் ஐலாவின் தேர்வு. இரண்டு வருஷ உழைப்பு.

நடந்தது: என் மகள் அடுப்பு மூட்ட வேண்டாம் என்று முதல் நாளே சொன்னாள். எங்கள் ஊரில் சனிக்கிழமை சவுனாப் புகை தெரிந்தால் அக்கம்பக்கத்தார் வரலாம், தட்டாமல் வரலாம். அது எனக்குத் தெரியும். அறை குளிராக இருந்தது. அவள் கை விறைத்துவிடும் என்று அவளுக்குத் தெரியாமல் ஒரு கை விறகு வைத்தேன். உனோ பெல்டோ புகையைப் பார்த்து வந்தார். அவர் சரியாகத்தான் பார்த்தார். அவர் கண்ணுக்கும் புத்திக்கும் ஒரு குறையும் இல்லை. சாசேஜ் காட்டியது மரியாதைக்கு. அவர் போன பிறகும் நான் உண்மையைச் சொல்லவில்லை.

தவறு யாருடையது: என்னுடையது.

மறுபடி நடக்காமல் இருக்க: அடுப்பு மூட்ட மாட்டேன். நானே வாசலில் நிற்பேன்.”

கையெழுத்துப் போட்டார். வண்டி எண் கேட்ட இடத்தில் பழக்க தோஷத்தில் லாரி எண்ணையும் எழுதிவிட்டார்.

ஐலா அதை மேசையில் வைத்துப் படித்தாள். ஆர்னி காபிக் கெண்டியைக் கழுவினார். ஏற்கெனவே கழுவிய கெண்டிதான்.

“மூட்டினீங்களா?”

“ம்.”

“சொல்லி வெச்சேன்லப்பா.”

“சொன்ன.”

“ஏன் அன்னைக்கே சொல்லல?”

“நீ அழுதுக்கிட்டு இருந்த.”

“அதனால?”

“அதனாலதான்.”

அவளுக்குக் கோபம் வந்தது. வராமல் எப்படி இருக்கும்? தாளை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறிப் போனாள். பலகைகள் கொஞ்ச நேரம் அதிர்ந்தன. தூங்கி எழுந்து வந்த மார்லா புருஷனைப் பார்த்தாள், மச்சைப் பார்த்தாள், முட்டையை உடைத்து வாணலியில் ஊற்றினாள். பிறகு மேலிருந்து குரல் வந்தது.

“நாப்பத்தி நாலு பெட்டிக்கும் பெட்டி மேலதான் தப்பு. இதுல மட்டும் எப்படிப்பா உங்க தப்புன்னு எழுத வந்துச்சு?”

“அதெல்லாம் நிஜமாவே ரோட்ட ஒட்டித்தான் நின்னுச்சு” என்றார் ஆர்னி.

மேலே ஒரு சத்தம். சிரிப்பா மூக்குச் சிந்தலா, கீழே இருந்தவர்களுக்குத் தெரியவில்லை. “லாரி நம்பர அடிச்சிடட்டுமா?” என்று கேட்டாள்.

“கிடக்கட்டும். அப்படியே அனுப்பு.”

அனுப்பிய கையோடு அவர் உனோ வீட்டுக்கு நடந்தார். கதவைத் தட்டினார். தட்டியதிலேயே கிழவருக்கு ஏதோ விபரீதம் என்று புரிந்துவிட்டது.

“புகை இருந்துச்சு உனோ. நான்தான் மூட்டினேன்.”

உனோ அவரை ஏற இறங்கப் பார்த்தார். அடுத்து ஃபின்னிஷில் அவர் சொன்னதை இங்கே எழுத முடியாது. மூச்சு வாங்கியதும் தெரிந்த பாஷைக்கு வந்தார். “பாவி மனுஷா! நான் காலையிலதான் டாக்டருக்குப் போன் போட்டேன். ராத்திரி பூரா படுத்துக்கிட்டு அமெரிக்க ஜனாதிபதி பேரெல்லாம் வரிசையாச் சொல்லிச் சொல்லிப் பாத்தேன், மறந்துடுச்சான்னு!”

“மறந்துடுச்சா?”

“நடுவுல ரெண்டு பேரு வரல. அது ஸ்கூல் படிக்கும்போதும் வந்ததில்ல.” கிழவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.  “சாவியக் குடு.”

“நான் எங்கய்யா வாங்கினேன்? உன் கையிலதான இருக்குது.”

உனோ உள்ளங்கையைத் திறந்து பார்த்துவிட்டு அதை மறுபடி இறுக மூடிக்கொண்டார்.

ஒரு வாரம் பதில் இல்லை. ஐலா சாப்பாட்டின்போது சத்தமாகப் படிப்பதை நிறுத்தியிருந்தாள். அப்பாவிடம் பேசினாள், ஆனால் உப்பு, ரொட்டி என்று தேவைக்கு மட்டும். அடுத்த திங்கட்கிழமை வந்தது பதில். பழைய மதிப்பெண் கிடையாது. ஆனால் விளக்கம் ஏற்கப்பட்டது. இருபத்தேழாம் தேதி வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு மறுதேர்வு. அந்த வாரம் பள்ளிக்கு விடுமுறை, அதனால் மறுபடியும் சவுனாதான். அதிலும் தவறினால் அடுத்து மே மாதம்தான். தேர்ந்தால் மதிப்பெண்ணை அன்றைக்கே கல்லூரிக்கு அனுப்பிவிடுவார்கள்.

கீழே தனியாக ஒரு வரி இருந்தது: சாலை விபத்துப் படிவத்தில் இதுவரை தங்களுக்கு விளக்கம் வந்ததில்லை என்று. அதை ஐலா வாசித்துக் காட்டினாள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆர்னி அன்று உருளைக்கிழங்கு இரண்டாம் தடவை வாங்கிக்கொண்டார்.

வியாழக்கிழமை பொழுது விடிந்தபோது புதுப் பனி ஏழு அங்குலம், குளிர் குறையவில்லை. ஆர்னி விடுப்பு எடுத்திருந்தார். பனிக்காலத்தில் அவர் விடுப்பு எடுத்ததைக் கேட்டு சாலை அலுவலகத்தில் யாரோ செத்துவிட்டார்கள் என்றே நினைத்தார்களாம். அடுப்பு மூட்டமாட்டேன் என்று எழுதிக் கொடுத்தாயிற்று. அதனால் சவுனா அடுப்பின் மேலிருந்த கற்களில் பன்னிரண்டைப் பொறுக்கி, வீட்டுச் சமையலறை அடுப்புக்குள் அடுக்கி, இரண்டு மணி நேரம் சூடாக்கினார். துண்டுகளில் சுற்றி இரண்டு வாளியில் வைத்து ஐலாவின் காலடியில் கொண்டுபோய் வைத்தார்.

“இதுக்கும் படிவம் எழுதணுமா?” என்றாள் ஐலா.

“போய் எழுதுற வேலையப் பாரு.”

வாளிக்குள் என்ன என்று கேமராப் பெண் கேட்டாளாம், பிற்பாடு ஐலா சொன்னாள். கல் என்றதும் நம்பவில்லை. பன்னிரண்டையும் ஒவ்வொன்றாகத் துண்டைப் பிரித்துச் சுற்றிக் காட்டச் சொல்லி, அப்புறம்தான் தேர்வைத் திறந்தாள்.

பதினொன்று அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது ஆர்னி தன் சொந்தப் பிக்கப் வண்டியை, முன்னால் பனித் தகடு மாட்டியதை, வீட்டுப் பாதையின் வாயில் குறுக்காக நிறுத்தினார். சத்தம் போகாமலிருக்க எஞ்சினையும் அணைத்தார். சாலை வழியாக ஒருவரும் வர முடியாது. கொல்லை வழியாக வரக்கூடிய ஒரே ஆள் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

“இன்னைக்கு முழுசா உடுத்தியிருக்கேன் பாரு” என்றார் உனோ. கோட்டு, தொப்பி, சர்ச்சுக்குப் போகும் கால்சட்டை. “கேமராவுல விழுந்தாலும் பரவாயில்ல.”

“விழ மாட்ட. கதவ உள்ள இருந்து பூட்டியிருக்கா.”

குடுவையில் காபி, காகிதத்தில் சுற்றிய ஏலக்காய் ரொட்டி. வண்டிக்குள் மூச்சு புகைந்து கண்ணாடியில் படிந்தது. உனோ தொப்பியால் துடைத்துத் துடைத்துச் சவுனாவையே பார்த்தார். பதினொன்றே காலுக்கு ஒரு பார்சல் வண்டி வந்து நின்றது. ஆர்னி இறங்கி, ஒரு வார்த்தை பேசாமல், விரலை உதட்டில் வைத்து, அந்த ஆளைக் கையாலேயே பின்னோக்கித் தள்ளினார். அவன் பார்சலைப் பனியில் வைத்துவிட்டுப் போனான்.

“எவ்ளோ எடுத்தா பாஸு?”

“ஐம்பதுக்கு முப்பத்தஞ்சு.”

“போன தடவை முப்பத்தொண்ணு முடிச்சிருந்தாளே.”

“அது முடிச்சது. சரியா போட்டது எத்தனைன்னு யாருக்குத் தெரியும்?”

உனோ ரொட்டியைப் பிய்த்தார், தின்னவில்லை. “அவ என்மேல இன்னும் கோவமா?”

“என்மேலதான். உன்னக் கண்டா வெக்கப்படுறா. வர்ற ஞாயித்துக்கிழமை வந்து பேசணும்னு சொன்னா.”

“என்ன பேச? சாசேஜ் நல்ல சாசேஜ். வீணாப்போகல, நானே தின்னுட்டேன்.”

பன்னிரண்டரை. நேரம் முடிந்தது. கதவு திறக்கவில்லை. ஆர்னி ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார், ஏதோ வண்டி ஓடிக்கொண்டிருப்பதுபோல. மதிப்பெண் உடனே திரையில் வந்துவிடும். இவ்வளவு நேரம் என்ன செய்கிறாள்? இருபத்தொன்பது வருஷம் கண் தெரியாத புயலில் ஓட்டியிருக்கிறார், இப்படி நிமிஷம் எண்ணியதில்லை. இறங்கிப் போகலாமா என்று ஒரு கையைக் கதவில் வைத்தார். எழுதிக் கொடுத்தது நினைவு வந்தது. வாசலில் நிற்பேன் என்றுதான் எழுதியிருந்தது. கையை எடுத்துவிட்டார்.

அப்புறம் கதவு திறந்தது. ஐலா வெளியே வந்தாள். தலையை மூடிய தொப்பியில் முகம் தெரியவில்லை. வீட்டுப் பக்கம் திரும்பவில்லை, இவர்களைப் பார்க்கவும் இல்லை. விறகுக் குவியலுக்குப் போனாள். குனிந்து எதையோ அள்ளினாள். சவுனாவின் பின்பக்கம் போய் மறைந்தாள்.

 கண்ணாடி மறுபடி மங்கியது. உனோ துடைத்தார்.

கூரைக் குழாயிலிருந்து முதலில் நூலளவு புகை. பிறகு வெள்ளையாக, நீளமாக, காற்றே இல்லாத வானத்தில் நேராக மேலே போயிற்று. வியாழக்கிழமை மதியம் ஒரு மணிக்கு.

கிழவர் அதன் நுனி வரை அண்ணாந்து பார்த்தார். பிறகு கேட்டார், மெதுவாக.

“ஆர்னி. உனக்கும் தெரியுதுல்ல?”

ஆர்னி முழங்கையால் கண்ணாடியைத் துடைத்தார். அது சரியாகவில்லை, ஈரம் கண்ணாடியில் இல்லை.

“தெரியுது” என்றார்.

“அப்பச் சரி. பிள்ளை பாஸு.” உனோ வண்டிக் கதவைத் திறந்து பனியில் இறங்கினார். “நான் போய் அங்கிய மாட்டிக்கிட்டு வரேன். நீ போய்க் கல்லையெல்லாம் அடுப்பு மேல திருப்பி வைய்யி.”